ஆத்தங்குடி கல் பின்னணியில் உங்கள் படம்: கிம்ப் மென்பொருளில் முழுமையான வழிகாட்டி

வெறும் சுவர் முன்னால் நின்று நாமே எடுத்துக்கொண்ட படத்துக்குப் பின்னால், செட்டிநாட்டு வீடுகளின் தரையில் பதிக்கும் ஆத்தங்குடி கல்லின் பூ வேலைப்பாட்டை வரவைப்பது எப்படி என்பதை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். படங்களைத் திருத்தும் மென்பொருளான கிம்ப்பில் செய்யப்போகிறோம். இலவசமாகக் கிடைக்கிறது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். 2.10 பதிப்பு வைத்திருப்பவர்களும் 2025இல் வெளிவந்த 3.0 பதிப்பு வைத்திருப்பவர்களும் இதே வரிசையில் செய்யலாம். 3.0இல் ஃபில்டர்களைப் போட்ட பிறகும் திருத்தலாம் என்பது கூடுதல் வசதி.

புதிதாகக் கற்கிறவர்கள் பெரும்பாலும் பூவில் தொடங்குகிறார்கள். அழகான டிசைன் ஒன்றை முதலில் பிடித்து வைத்துக்கொண்டு, அதற்கு மேல் தங்கள் படத்தை ஒட்டப் பார்க்கிறார்கள். வெளிச்சம் சேராது, நிறம் சேராது, முடியின் ஓரம் கத்தரித்ததுபோல் நிற்கும். வரிசையைத் திருப்பிப் போடுங்கள்: முதலில் முகம், அடுத்து முடி, கடைசியாகப் பூ. பின்னணி எவ்வளவு அடர்த்தியாக, எந்த நிறத்தில், எந்தப் பக்கம் இருட்டாக இருக்க வேண்டும் என்பதை எல்லாம் அந்த முகம்தான் முடிவுசெய்ய வேண்டும்.

1. தொடங்கும் முன் தேவைப்படுபவை

கிம்ப் நிறுவிய கணினி, பின்பக்கக் கேமரா ஒழுங்காக உள்ள ஒரு கைப்பேசி, வெளிர் நிறச் சுவர், பக்கவாட்டில் ஜன்னல். மவுஸ் கட்டாயம் வேண்டும். மடிக்கணினியின் தொடுபலகையில் முடியின் ஓரத்தைத் தீட்டுவது கையையும் பொறுமையையும் ஒருசேரச் சோதிக்கும்.

கல்லுக்கு, நீங்களே படம் எடுக்கக்கூடிய தரை ஒன்று. சொந்த வீடு, உறவினர் வீடு, காரைக்குடிப் பக்கம் போனபோது தங்கிய இடம், எதுவானாலும் சரி. இணையத்தில் கிடைக்கும் டைல்ஸ் படங்கள் பெரும்பாலும் சிறியவை, பெரிதாக்கினால் கலங்கிவிடும். பிறர் எடுத்த படத்தை அனுமதியின்றி எடுத்தாளும் சிக்கலும் இருக்கிறது.

பாஸ்போர்ட், அடையாள அட்டை போன்றவற்றுக்கு வெற்றுப் பின்னணிதான் வேண்டும். அவற்றுக்கு இந்த வேலை உதவாது.

2. உங்களை நீங்களே படம் எடுத்தல்

வேலையில் பாதி இங்கேயே முடிந்துவிடுகிறது. இந்த இடத்தில் கால் மணி நேரம் கூடுதலாகச் செலவழித்தால் கணினி முன்னால் அரை நாள் மிச்சமாகும்.

சுவருக்கும் உங்களுக்கும் நடுவே ஐந்தடி, அதாவது சுமார் ஒன்றரை மீட்டர் இடைவெளி விடுங்கள். சுவரை ஒட்டி நின்றால் உங்கள் நிழல் அதில் விழும். பின்னால் பூவைக் கொண்டுவந்த பிறகு அந்த நிழலை வைத்துக்கொள்ளவும் முடியாது, நீக்கவும் முடியாது. கைப்பேசியும் உங்களிடமிருந்து அதே ஒன்றரை மீட்டரில், கண் மட்டத்தில் இருக்கட்டும்.

பின்பக்கக் கேமராவைப் பயன்படுத்துங்கள். டைமரைப் பத்து விநாடிக்கு வையுங்கள். நீங்கள் நிற்கப்போகும் இடத்தில் உயரமான நாற்காலியையோ துணி தொங்கவிட்ட கம்பையோ நிறுத்தி, திரையில் அதன்மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டுங்கள். இல்லாவிட்டால் கேமரா சுவரைத் தெளிவாக எடுத்துவிட்டு உங்களைக் கலங்கலாக எடுக்கும்.

போர்ட்ரெய்ட் முறையை அணைத்துவிடுங்கள். பின்னணியைக் கலங்கச் செய்யும்போது கைப்பேசி மெல்லிய முடிகளையும் சேர்த்துச் சுவரோடு குழைத்துவிடுகிறது. அப்படிப் போன முடியை எந்த மென்பொருளாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. ஃப்ளாஷ், முக அழகூட்டும் வசதி இரண்டும் வேண்டாம். மின்விசிறியையும் நிறுத்துங்கள், அசையும் முடி படத்தில் புகையாகத்தான் விழும்.

சுவர் வெளிர் நிறத்தில் இருக்க வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கறுப்பு முடிக்குப் பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால், ஐந்தாம் படியில் சொல்லப்போகும் முறையால் ஒவ்வோர் இழையும் அப்படியே கிடைக்கும். நரைத்த முடி உள்ளவர்கள் இதற்கு நேர்மாறாக, அடர்ந்த நிறச் சுவர் முன்னால் நிற்க வேண்டும். வெள்ளைச் சுவர் முன்னால் வெள்ளைச் சட்டை யாருக்கும் வேண்டாம். தோளின் ஓரம் எங்கே முடிகிறது என்று உங்கள் கண்ணுக்கே தெரியாது.

தலைக்கு மேல் தாராளமாக இடம் விடுங்கள். பூ தெரிய வேண்டிய இடமே அதுதான்.

3. கோப்பை அமைத்தல்

படத்தைக் கிம்ப்பில் திறந்து, 3000க்கு 4000 பிக்சல் அளவுக்குக் கொண்டுவாருங்கள். 12 மெகாபிக்சல் கைப்பேசிப் படம் நெடுக்காக எடுத்தால் பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கும். இரண்டு எண்களும் 500ஆல் மீதியின்றி வகுபடுகின்றன. ஏழாம் படியில் கல்லை நிரப்பும்போது இது கைகொடுக்கும்.

லேயரை, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படப் படலத்தை, இரண்டு முறை நகலெடுங்கள். குறுக்குவழி ஷிஃப்ட் + கண்ட்ரோல் + டி (D). அடியில் இருப்பதற்கு ‘அசல்’, நடுவில் இருப்பதற்கு ‘முடி’, மேலே இருப்பதற்கு ‘ஆள்’ என்று பெயர் வையுங்கள். அசலின் கண் குறியை அணைத்துவிட்டு, அதை இனித் தொடாதீர்கள். எது கெட்டாலும் திரும்பி வர ஓர் இடம் வேண்டும்.

இப்போதே கிம்ப்பின் சொந்தக் கோப்பு வகையான எக்ஸ்சிஎஃப் (XCF) கோப்பாகச் சேமியுங்கள். அழிப்பான் கருவியை இந்த வேலை முழுவதிலும் எடுக்கவே கூடாது. அழித்தது போனதுதான். லேயரின் பகுதிகளை அழிக்காமல் மறைக்கும் திரைக்கு மாஸ்க் என்று பெயர்; மாஸ்க்கில் மறைத்ததை எப்போது வேண்டுமானாலும் மீட்கலாம்.

4. ஆளைப் பிரித்தெடுத்தல்

‘ஆள்’ லேயரைத் தேர்ந்துகொண்டு, பி (B) விசையை அழுத்திப் பாத் கருவியை எடுங்கள். தோள், கழுத்து, காது, கை என்று தெளிவான ஓரம் உள்ள இடங்களிலெல்லாம் ஓரத்துக்கு ஒரு பிக்சல் உள்ளே தள்ளிப் புள்ளிகள் வைத்துக்கொண்டு போங்கள். வளைவு வரும் இடத்தில் புள்ளியை வைத்தபடியே இழுத்தால் கோடு வளையும். தலைமுடி வந்ததும் ஓரத்தைத் துரத்த வேண்டாம். முடி அடர்ந்த பகுதிக்குள் நன்றாக நுழைந்து, அதற்குள்ளேயே கோட்டைக் கொண்டுபோங்கள். வெளி இழைகளுக்கு வேறு லேயர் காத்திருக்கிறது.

ஃபோர்கிரவுண்ட் செலக்ட் கருவி தானாகவே பிரித்துத் தரும் என்று பலரும் அதையே நாடுகிறார்கள். சுவரும் தோலும் நிறத்தில் நெருங்கும் இடங்களில் அது கன்னத்தைக் கடித்துவிடுகிறது. தோளின் ஓரமும் பல் பல்லாக வருகிறது. பாத் கருவிக்கு நேரம் பிடிக்கும், ஆனால் ஓரம் வழவழப்பாக இருக்கும். நான் பரிந்துரைப்பது அதைத்தான்.

கோடு ஒரு சுற்று முடிந்து தொடங்கிய இடத்திலேயே சேர்ந்ததும் என்டர் விசையை அழுத்தினால் அது தேர்வாக மாறும். செலக்ட் மெனுவில், ஓரத்தை மென்மையாக்கும் ஃபெதர் சென்று 2 பிக்சல் கொடுங்கள். ‘ஆள்’ லேயர்மீது வலது பொத்தானை அழுத்தி, ஆட் லேயர் மாஸ்க், அதில் செலக்‌ஷன் என்பதைத் தேர்ந்து சேருங்கள். இப்போது ‘முடி’ லேயரின் கண் குறியையும் அணைத்தால் சுவர் மறைந்து நீங்கள் மட்டும் தெரிவீர்கள்.

அடுத்து இரண்டு காரியங்கள். முதலாவது, ஷிஃப்ட் + கண்ட்ரோல் + ஏ அழுத்தித் தேர்வை நீக்குங்கள். தேர்வு உயிரோடு இருந்தால் அதற்கு வெளியே தீட்டுவது எதுவும் பதியாது. மென்பொருள் நின்றுவிட்டது என்று புதியவர்கள் கணினியையே அணைத்துப் போடுவது இந்த இடத்தில்தான். இரண்டாவது, ‘அசல்’ லேயருக்கு மேலே ஒரு புதிய லேயர் திறந்து அதை அடர் பச்சையால் நிரப்புங்கள். வெறும் சாம்பல் கட்டத்தின் மேல் பார்த்தால் வெள்ளை ஓரம் கண்ணில் படாது. அடர்ந்த நிறத்தின் மேல் உடனே தெரியும்.

இனி மாஸ்க்கில் திருத்தம். டி (D) விசை கறுப்பு வெள்ளையைக் கொண்டுவரும், எக்ஸ் விசை இரண்டையும் இடம் மாற்றும். கறுப்பு மறைக்கும், வெள்ளை காட்டும். தீட்டும் முன் லேயர் பட்டியலில் மாஸ்க்கின் சிறு படத்தை ஒரு முறை சொடுக்குங்கள். மறந்தால் கறுப்பு உங்கள் கன்னத்திலேயே விழும்.

எல்லோரும் தவறவிடும் மூன்று இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கைக்கும் இடுப்புக்கும் நடுவே தெரியும் சுவர். ஜிமிக்கியின் மணிகளுக்கு இடையிலுள்ள சிறு சிறு சந்துகள். 200 விழுக்காடு பெரிதாக்கி, 3 பிக்சல் தூரிகையால் ஒவ்வொன்றாகக் கறுப்பிட வேண்டும். மூக்குக் கண்ணாடியின் ஓரத்தில் கண்ணாடி வழியாகத் தெரியும் சுவர். அங்கே முழுக் கறுப்பு வேண்டாம், நடுச் சாம்பல் தீட்டினால் கண்ணாடியின் பளபளப்பும் மிஞ்சும், பின்னால் பூவும் மங்கலாகத் தெரியும்.

5. முடி

இந்த வேலையில் என் மனம் மிகவும் லயிக்கும் படி இது. முடியை வெட்டி எடுக்க வேண்டும் என்று நினைப்பதால்தான் எல்லோரும் திணறுகிறார்கள். வெட்டவே வேண்டியதில்லை, சுவரைக் காணாமல் செய்தால் போதும்.

‘முடி’ லேயரின் கண் குறியைத் திரும்பப் போடுங்கள். கலர்ஸ் மெனுவில் டீசாச்சுரேட் சென்று நிறத்தை நீக்குங்கள். சுவரில் இருக்கும் மஞ்சள் சாயல் முடியின் ஓரத்தோடு ஒட்டிக்கொண்டு வராமல் இருக்க இது முதலில் வேண்டும். பிறகு லெவல்ஸ் திறந்து, வலது கோடியிலுள்ள வெள்ளை முக்கோணத்தை இடப்பக்கம் நகர்த்துங்கள். முடியைச் சுற்றியுள்ள சுவர் சுத்த வெள்ளையாக வேண்டும். அடுத்து இடது கோடியின் கறுப்பு முக்கோணத்தைக் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்தினால் இழைகள் கருமை ஏறும். அளவு மீறினால் மெல்லிய இழைகள் தடித்துக் கம்பிபோல் ஆகிவிடும். அதற்கு முன்னால் நிறுத்துங்கள்.

இப்போது லேயரின் முறையை (லேயர் பட்டியலின் மேலே உள்ள மோட்) மல்டிப்ளை என்று மாற்றுங்கள். மல்டிப்ளை முறையில் வெள்ளை எதையும் பாதிக்காது, கறுப்பு மட்டும் அடியிலுள்ளதை இருட்டாக்கும். சுவர் மறைந்து, பச்சைத் திரையின் மேல் முடி மட்டும் இழை இழையாக நிற்பதைப் பார்ப்பீர்கள்.

சுவரின் மற்றப் பகுதிகளில் அழுக்கும் நிழலும் மிச்சம் இருக்கும். அதற்காக இந்த லேயருக்கு முழுக் கறுப்பு மாஸ்க் ஒன்று சேர்த்து, முடியின் ஓரத்தைச் சுற்றி மட்டும் மென்மையான வெள்ளைத் தூரிகையால் தீட்டுங்கள். தீட்டிய இடத்தில் மட்டும் இழைகள் எழுந்து வரும்.

மல்லிகைப்பூ வைத்திருந்தால் கவனம். வெள்ளைச் சுவர் எப்படி மறைகிறதோ அப்படியே வெள்ளைப் பூவும் மறையும். சரத்தின் ஊடாகக் கல்லின் டிசைன் தெரியும். ஆகவே பூச்சரம் முழுவதும் ‘ஆள்’ லேயரின் மாஸ்க்குக்குள் வந்தாக வேண்டும். மொட்டு மொட்டாகச் சுற்றி வரைவதைத் தவிர இதற்கு வேறு வழி இல்லை. முடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மொட்டுகளை விட்டுவிடாதீர்கள். சரத்துக்கு உயிர் அங்கேதான் இருக்கிறது.

அடர்ந்த சுவர் முன்னால் எடுத்த நரைமுடிப் படத்துக்கு இதையே தலைகீழாகச் செய்யுங்கள்: லெவல்ஸில் சுவரைச் சுத்தக் கறுப்பாக்கி, முறையை ஸ்க்ரீன் என்று வையுங்கள். அங்கே கறுப்பு மறைந்து வெள்ளை இழைகள் நிற்கும்.

தனியாகப் பறந்து நிற்கும் ஓரிரு முடிகளை எல்லாம் காப்பாற்ற வேண்டியதில்லை. உச்சியிலும் காதோரத்திலும் சில இழைகள் இயல்பாக நின்றால் கண் நம்பிவிடும்.

6. கல்லைப் படம் எடுத்துத் துண்டாக்குதல்

ஆத்தங்குடி கல்லில் வண்ணக் கலவையைக் கண்ணாடித் தகட்டின் மேல் ஊற்றி வார்க்கிறார்கள். அதனால் மேற்பரப்பு கண்ணாடிபோல் பளபளக்கும்; ஜன்னலும் விளக்கும் அப்படியே அதில் தெரியும். விளக்குகளை அணைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சம் சாய்ந்து வரும் நேரத்தில், பிரதிபலிப்பு கேமராவில் விழாத பக்கம் நின்று எடுங்கள். கைப்பேசி தரைக்கு நேர் மேலே, தரைக்கு இணையாக இருக்க வேண்டும். ஒரு கல்லை மட்டும் எடுக்காமல் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கற்களாவது சட்டத்துக்குள் வரட்டும்.

எப்படி எடுத்தாலும் ஜன்னல் பக்கம் வெளுத்தும் மறுபக்கம் இருண்டும் இருக்கும். துண்டாக்கும் முன்னரே இதைச் சரிசெய்யுங்கள். லேயரை நகலெடுத்து, டீசாச்சுரேட், இன்வர்ட், பிறகு பூக்களின் வடிவமே தெரியாத அளவுக்குக் காஸியன் பிளர் என்று வரிசையாகச் செய்து, முறையைச் சாஃப்ட் லைட் ஆக்குங்கள். இருண்ட பக்கம் ஏறி, வெளுத்த பக்கம் இறங்கும். திருப்தியானதும் இரண்டு லேயர்களையும் ஒன்றாக்குங்கள். துண்டாக்கிய பிறகு இதைச் செய்தால் பூவின் நடுவிலுள்ள அடர் நிறத்தையே நிழல் என்று எடுத்துக்கொண்டு மென்பொருள் வெளுக்கவைத்துவிடும்.

அடுத்து ஷிஃப்ட் + பி (P) அழுத்திப் பர்ஸ்பெக்டிவ் கருவி. அதன் விருப்பங்களில் கரெக்டிவ் என்பதைத் தேர்ந்து, நான்கு மூலைகளையும் கற்களின் இணைப்புக் கோட்டில் பொருத்தி உறுதிசெய்தால், கோணலாக இருந்த தரை சதுரமாக நிமிரும்.

இப்போது, டிசைன் திரும்ப வரும் அலகு எது என்று பாருங்கள். சில கற்களில் பூ நடுவில் முழுதாக இருக்கும். ஒரு கல்லே ஓர் அலகு. சிலவற்றில் ஒரு மூலையில் கால் பூ மட்டும் இருக்கும்; நான்கு கற்களைத் திருப்பி வைத்துச் சேர்த்தால்தான் ஒரு பூ ஆகும். அங்கே நான்கு கற்களும் சேர்ந்ததே அலகு. இதைக் கவனிக்காமல் ஒரு கல்லை மட்டும் வெட்டி நிரப்பினால் எல்லாக் கால் பூவும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

இணைப்புக் கோட்டின் மேலேயே வெட்டுங்கள். சிறு பிசிறு இருந்தாலும் அந்தக் கோடு மறைத்துக்கொள்ளும். ஒரு கல் அலகு என்றால் 500க்கு 500 பிக்சல், நான்கு கல் அலகு என்றால் 1000க்கு 1000 என்று அளவு மாற்றுங்கள். லேயர் மெனுவில் டிரான்ஸ்ஃபார்ம், ஆஃப்செட் சென்று பாதி அளவு நகர்த்தினால் நான்கு ஓரங்களும் நடுவில் வந்து சேரும். பிசிறு தெரிந்தால் ஹீல் கருவியால் தேய்த்துவிட்டு, மீண்டும் பாதி நகர்த்திப் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். இதைத் தனிப் பிஎன்ஜி கோப்பாக வைத்துக்கொண்டால் அடுத்த படத்துக்கும் ஆகும்.

கல் கிடைக்காதவர்கள் கோலத்தை நேரடியாகக் கிம்ப்பிலேயே வரையலாம். சிமெட்ரி பெயிண்டிங் பலகையில் டைலிங் என்பதைத் தேர்ந்து இடைவெளி 500 கொடுத்தால், ஒரு கட்டத்தில் போடும் சிக்குக் கோடு எல்லாக் கட்டங்களிலும் சேர்ந்தே விழும். மறுபக்கம் சேருமோ என்ற கவலையே இல்லை.

7. நிரப்புதல், அளவு, இடம்

கல் கோப்பில் எல்லாவற்றையும் தேர்ந்து நகலெடுங்கள். உங்கள் படக் கோப்புக்கு வந்து, பச்சை லேயருக்கு மேல் ‘கல்’ என்று புதிய லேயர் திறங்கள். பேட்டர்ன்ஸ் பட்டியலின் முதலிடத்தில் நீங்கள் நகலெடுத்த கல் நிற்கும். அதைத் தேர்ந்து, எடிட் மெனுவில் ஃபில் வித் பேட்டர்ன். நடுவில் வேறு எதையாவது நகலெடுத்தால் முதலிடத்தில் அது வந்து உட்கார்ந்துவிடும். ஆகவே உடனே நிரப்புங்கள்.

ஏன் 500 பிக்சல்? எட்டு அங்குலக் கல் என்றால் பக்கம் 20 சென்டிமீட்டர். அது உங்களைவிட இரு மடங்கு தூரத்தில் இருக்கிறது: நீங்கள் ஒன்றரை மீட்டரில், சுவர் மூன்று மீட்டரில். ஆகவே உங்கள் முகத்துக்குப் பக்கத்தில் அது பாதி அளவாக, 10 சென்டிமீட்டர்போல் தோன்ற வேண்டும். முகத்தின் அகலம் சுமார் 15 சென்டிமீட்டர். படத்தில் முகம் 800 பிக்சல் அகலம் இருந்தால், கல் 530 பிக்சலுக்குப் பக்கத்தில் வரும். 500 என்பது அதற்கு நெருக்கமானது, மீதியின்றி வகுபடுவது. உங்கள் படத்தில் முகம் சிறியதாக இருந்தால் இதே கணக்கில் 250ஐ எடுங்கள். கல் முகத்தைவிடப் பெரிதானால் பூதான் படத்தின் நாயகன் ஆகிவிடும்.

நிரப்பிய உடனே தலைக்கு மேல் பாருங்கள். 3000 பிக்சலில் ஆறு கற்கள் அடங்குவதால், இணைப்புக் கோடு ஒன்று சரியாக நடுவில் வரும். நீங்களும் நடுவில் நின்றிருந்தால் அது உச்சந்தலையிலிருந்து கம்பு முளைத்ததுபோல் இருக்கும். ‘கல்’ லேயரை ஆஃப்செட்டில் 125 பிக்சல் பக்கவாட்டில் நகர்த்துங்கள். சுழற்சியாக நகர்த்தும் வசதியில் ஓரத்தில் வெளியேறுவது மறு ஓரத்தில் நுழையும். மீதியின்றி வகுபடும் அளவு என்பதால் எங்கும் துண்டுபடாது. சரியாக 250 நகர்த்தினால் பூவின் நடு தலைக்குப் பின்னால் வந்து சாமி படத்துத் திருவாசிபோல் ஆகும். வேண்டுமென்றே செய்தால் அழகு, தற்செயலாக அமைந்தால் உறுத்தல்.

8. நிறத்தை அடக்குதல்

கல் இப்போது கண்ணைப் பறிக்கும். அது நல்ல கல் என்பதற்கு அதுவே சாட்சி. பின்னணிக்கு அது ஆகாது.

இந்த இடத்தில் பலரும் முகத்தை வெளுப்பாக்கத் தொடங்குகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். தோலின் நிறத்தைத் தொட்டால் கழுத்து ஒரு நிறம், கை ஒரு நிறம் ஆகி, முகம் மாவு பூசியதுபோல் தட்டையாகிவிடும். உங்கள் நிறம் உங்கள் படத்தில் அப்படியே இருக்க வேண்டும். விலக வேண்டியது பின்னணிதான்.

கலர்ஸ் மெனுவில் ஹியூ சாச்சுரேஷன் திறந்து, ‘கல்’ லேயரின் செறிவை -40 வரை குறையுங்கள். பிறகு லெவல்ஸின் அடிப்பகுதியிலுள்ள அவுட்புட் அளவுகளை 0, 255 என்பதிலிருந்து 50, 170 என்று மாற்றிப் பாருங்கள். சுத்தக் கறுப்பும் சுத்த வெள்ளையும் பின்னணியிலிருந்து போய்விடும். படத்தின் மிக அடர்ந்த இருள் உங்கள் முடியிலும் கண்ணிலும், மிகுந்த ஒளி கண்ணின் மினுக்கிலும் பல்லிலும் மட்டும் இருக்கும். பார்ப்பவர் கண் தானாக அங்கே போகும்.

அடுத்து நிறச் சாயல். காவிச் சிவப்பு, கடுகு மஞ்சள் இரண்டும் நம் மாநிறத்துக்கு மிக நெருங்கியவை. முகம் அவற்றில் அமிழ்ந்துபோகும். அந்த நிறக் கல்லை ஹியூ அளவை நகர்த்திப் பச்சை, நீலச் சாம்பல் பக்கம் கொண்டுபோகலாம். கல்லின் சொந்த நிறமே வேண்டும் என்றால் இன்னும் இருட்டாக்கிப் பயன்படுத்துங்கள். சேலைக்கரையிலோ சட்டையிலோ உள்ள ஒரு நிறத்தை ஓ விசையின் கலர் பிக்கரால் எடுத்துப் பார்த்து, அதன் மங்கிய சாயலைக் கல்லுக்குத் தந்தால் ஆளும் சுவரும் ஒரே வீட்டில் இருப்பது தெரியும்.

சோதனைக்கு, எல்லாவற்றுக்கும் மேலே நடுச் சாம்பல் நிரப்பிய ஒரு லேயர் வைத்து அதன் முறையை எல்சிஎச் கலர் ஆக்குங்கள். படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். கன்னமும் அதற்குப் பக்கத்துக் கல்லும் ஒரே சாம்பலாகக் கலந்தால் கல்லை இன்னும் இறக்க வேண்டும். பார்த்து முடிந்ததும் அந்த லேயரின் கண் குறியை அணையுங்கள்.

9. சுவரின் வெளிச்சத்தைக் கல்லுக்குத் தருதல்

உங்கள் முகத்தில் ஜன்னல் பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் நிழலும் இருக்கிறது. கல்லில் மட்டும் எங்கும் ஒரே வெளிச்சம். ஒட்டுவேலை என்று காட்டிக்கொடுப்பது இதுதான்.

‘அசல்’ லேயரை மட்டும் தெரியவைத்து, சுவரின் இடக் கோடியிலும் வலக் கோடியிலும் கலர் பிக்கரால் அளவைப் படியுங்கள். இடதில் 220, வலதில் 150 என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. ‘கல்’ லேயருக்கு நேர் மேலே ‘வெளிச்சம்’ என்று ஒரு லேயர் திறந்து, கிரேடியன்ட் கருவியால் இடதில் வெள்ளையும் வலதில் அடர் சாம்பலுமாக இழுத்து, மல்டிப்ளை முறையில் வையுங்கள். இப்போது இடப்பக்கப் பூவிலும் வலப்பக்கப் பூவிலும் ஒரே இதழை அளந்து, அதே மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம் வரும்வரை அந்த லேயரின் அடர்த்தியான ஒபாசிட்டியைக் கூட்டிக் குறையுங்கள்.

டிராப் ஷேடோ ஃபில்டரைப் போடாதீர்கள். ஐந்தடி தள்ளி நிற்பவரின் நிழல் சுவரில் அவரைச் சுற்றி ஒட்டிக்கொண்டு விழாது. அந்தக் கறுப்பு விளிம்பு உங்களை அட்டையில் வெட்டிய உருவமாக்கிவிடும்.

10. மென்மையும் துகளும்

‘கல்’ லேயருக்குக் காஸியன் பிளர் 3 முதல் 6 பிக்சல் வரை. அசல் சுவரில் ஆணியோ விரிசலோ இருந்தால் அது எவ்வளவு மங்கலாக விழுந்திருக்கிறது என்று பார்த்து அதே அளவு கொடுங்கள். கேமராவுக்குத் தொலைவில் உள்ளது முகத்தைவிடக் கூர்மையாக இருக்க முடியாது.

மங்கலாக்கியதும் கல்லில் இருந்த துகள், அதாவது படத்தில் பொடிப்பொடியாகத் தெரியும் புள்ளிகள், போய்விடும். உங்கள் கையிலும் கன்னத்திலும் கேமராவின் துகள் அப்படியே இருக்கும். 100 விழுக்காட்டில் பார்த்தபடி ஆர்ஜிபி நாய்ஸ் ஃபில்டரை மிகக் குறைந்த அளவில் போட்டு இரண்டையும் சமன் செய்யுங்கள். இரவு வெளிச்சத்தில் எடுத்த படத்துக்குக் கூடுதலாக வேண்டும், பகலில் எடுத்ததற்குக் கொஞ்சம் போதும்.

11. ஓரங்களைச் சோதித்தல்

தோளோரத்தில் வெள்ளைக் கோடு தெரிந்தால் ‘ஆள்’ மாஸ்க்கைத் தேர்ந்து லெவல்ஸில் கறுப்பு முக்கோணத்தைச் சிறிது வலப்பக்கம் நகர்த்துங்கள். ஓரம் உள்வாங்கிக் கோடு மறையும். முடிப் பக்கமும் சேர்ந்து உள்வாங்கும். அங்கே ‘முடி’ லேயர் தாங்கிக்கொள்ளும்.

வியூ மெனுவில் படத்தை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். இதுவரை பழகிப்போய்க் கண்ணில் படாத பிசகு திருப்பியவுடன் தெரியும். பிறகு திரையில் தபால் தலை அளவுக்குச் சிறிதாக்கிப் பாருங்கள். முதலில் பூ தெரிகிறதென்றால் எட்டாம் படிக்குத் திரும்பிப் போங்கள்.

12. சேமித்தலும் அனுப்புதலும்

எக்ஸ்சிஎஃப் கோப்பை எல்லா லேயர்களோடும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அனுப்புவதற்கு ஷிஃப்ட் + கண்ட்ரோல் + ஈ கொடுத்து, ஜேபிஜி, தரம் 90. ஜேபிஜி மட்டும் வைத்துக்கொண்டு மூலக் கோப்பை நீக்கியவர்கள், கல்லின் நிறத்தை மாற்ற வேண்டி வந்தால் நான்காம் படியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.

அளவைக் குறைக்கும் முன் கண்ட்ரோல் + டி (D) அழுத்திப் படம் முழுவதையும் நகலெடுத்து, நகலில் குறையுங்கள். 4க்கு 6 அங்குல அச்சுக்கு 1200க்கு 1800 பிக்சல் வேண்டும். நம் படத்தின் விகிதம் வேறு என்பதால் பக்கவாட்டில் கொஞ்சம் வெட்டுப்படும். வாட்ஸ்அப் முகப்புப் படம் வட்டமாகத் தெரியும் என்பதால், அதற்கு முகம் நடுவில் வரும்படி சதுரமாக வெட்டித் தனியே ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அச்சில் திரையைவிடச் சற்று இருட்டாக வரும் வழக்கம் உண்டு. ஸ்டூடியோவில் பெரிய அளவு போடச் சொல்லும் முன் ஒரு சிறிய பிரதி எடுத்து, பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்.